எழுத்தைப் படிக்க இயந்திரத்துக்குப் பாடம் எடுத்தவர்

காசோலையில் நாம் கிறுக்கும் தொகை, கடித உறைமேல் எழுதும் அஞ்சல் குறியீடு, படிவத்தில் நிரப்பும் பிறந்த தேதி. இவற்றை இன்று பல இடங்களில் முதலில் படிப்பது மனிதர் அல்லர், மென்பொருள். தாளைப் படம் எடுத்து, எண்களைத் தனித்தனியாகப் பிரித்து, இது 7, இது 1 என்று முடிவெடுத்துக் கணினிப் பதிவில் ஏற்றிவிடுகிறது. 7 என்றால் மேலே ஒரு கோடு, அதிலிருந்து கீழே ஒரு சாய்வு என்று அந்த மென்பொருளுக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான 7களைக் காட்டினார்கள். தவறும்போது திருத்தினார்கள். அது கற்றுக்கொண்டது.

இயந்திரத்துக்கு இப்படிப் பாடம் நடத்த முடியும் என்று நம்பியதோடு நில்லாமல், கம்பியும் மோட்டாருமாக அதைக் கட்டியும் காட்டியவர் ஃபிராங்க் ரோசன்பிளாட். அமெரிக்கர். இதில் வியப்பு என்னவென்றால், அவர் கணினிப் பொறியாளர் அல்லர், உளவியல் படித்தவர். செயற்கை நுண்ணறிவுப் பாடநூல் எதைத் திறந்தாலும் முதல் சில அத்தியாயங்களுக்குள் அவருடைய பெயர் வந்துவிடும். பெரும்பாலும் ஒரே ஒரு வரி. பெர்செப்ட்ரானைக் கண்டுபிடித்தார், அதனால் இது முடியாது அது முடியாது என்று பிறகு தெரிந்தது, அவ்வளவுதான். அடுத்த பக்கம் போய்விடுவோம். பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் நானும் அப்படித்தான் அவரைத் தாண்டிப் போனேன். ஆனால் அந்த ஒரு வரி அவருக்கு நியாயம் செய்யவில்லை.

<b>உளவியல் மாணவரின் கணினி</b>

ரோசன்பிளாட் 1928 ஜூலை 11ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷெல் நகரில் பிறந்தார். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப்பள்ளியில் படித்து 1946இல் வெளியேறினார். அதே பள்ளியில் அவருக்கு ஓராண்டு முன்னால் படித்த இன்னொரு மாணவர் மார்வின் மின்ஸ்கி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ரோசன்பிளாட்டின் கனவுக்குப் பெரிய அடி கொடுத்த புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர் அவர்.

பள்ளி முடிந்ததும் கார்னெல் பல்கலைக்கழகம். 1950இல் பட்டம், 1956இல் உளவியலில் முனைவர் பட்டம். முனைவர் ஆய்வுக்காக அவர் கார்னெல் மாணவர்கள் 200 பேருக்கு மேற்பட்டவர்களிடம் 600 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளைக் கொடுத்து நிரப்ப வைத்தார். பதில்கள் குவிந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்கிட ஒரு மனித ஆயுள் போதாது. எனவே அதற்கென்றே ஒரு கணினியை அவரே வடிவமைத்துக் கட்டினார். ஈபேக் என்று அதற்குப் பெயர். 1950களின் தொடக்கத்தில் கணினி என்பது பெரிய அரசாங்கத் துறைகளும் நிறுவனங்களும் மட்டுமே வைத்திருந்த பொருள். ஓர் உளவியல் மாணவர் தன் வீட்டுப்பாடத்துக்காகக் கணினி கட்டுவது அன்றைக்கு எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படிவங்களில் மனிதர்கள் நிரப்பியதை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் அவருடைய மனத்தில் இருந்த கேள்வி அதைவிடப் பெரிது. மூளை எப்படி அடையாளம் காண்கிறது? ஒரு முகத்தையோ ஓர் எழுத்தையோ பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? இதைப் பற்றி அவருக்கு முன்பே சிலர் யோசித்திருந்தார்கள். 1943இல் வாரன் மெக்கலக், வால்டர் பிட்ஸ் இருவரும் நரம்பணுவை ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் சிறிய சுவிட்சாக வைத்துக் கணிதம் எழுதினர். 1949இல் கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப், சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்படுகிறது, கற்றல் என்பது அதுவே என்று எழுதினார். முதல் யோசனையில் கணிதம் இருந்தது, கற்றல் இல்லை. இரண்டாவதில் கற்றல் இருந்தது, கட்டிப் பார்க்க வழி இல்லை. இரண்டையும் சேர்த்து வேலை செய்யும் ஒரு பொருளாக்கியதுதான் ரோசன்பிளாட்டின் சாதனை.

<b>‘ட’வும் ‘ப’வும்</b>

1957 ஜனவரியில், பஃபலோ நகரில் இருந்த கார்னெல் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, பெர்செப்ட்ரான் பற்றிய முதல் அறிக்கையை எழுதினார். அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள உயர்நிலைக் கணிதமே போதும். நம் எழுத்துகளை வைத்துப் பார்ப்போம்.

பக்கத்துக்கு 20 கட்டங்கள், மொத்தம் 400 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘ட’ அல்லது ‘ப’ எழுதப்படும். எது என்று இயந்திரம் சொல்ல வேண்டும். மை பட்ட கட்டம் 1, படாத கட்டம் 0. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. தொடக்கத்தில் எல்லா மதிப்புகளும் சுழியம். மை பட்ட கட்டங்களின் மதிப்புகளை மட்டும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை சுழியத்தைவிட அதிகம் என்றால் ‘ப’, இல்லையென்றால் ‘ட’.

இயந்திரம் சரியாகச் சொன்னால் எதையும் தொட வேண்டாம். ‘ப’வைக் காட்டும்போது ‘ட’ என்றால், மை பட்ட கட்டங்களின் மதிப்பை ஒன்று கூட்டுங்கள். ‘ட’வைக் காட்டும்போது ‘ப’ என்றால், மை பட்ட கட்டங்களின் மதிப்பை ஒன்று குறையுங்கள். இதுதான் பாடம் முழுவதும்.

என்ன நடக்கும்? இடப்பக்கக் கோடும் அடிக்கோடும் இரண்டு எழுத்துக்கும் பொது. அந்தக் கட்டங்களின் மதிப்பு ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும், கடைசியில் பெரிதாக எங்கும் போகாது. வலப்பக்கக் கோடு ‘ப’வுக்கு மட்டுமே உரியது. அந்தக் கட்டங்களின் மதிப்பு கூடும், ஒருபோதும் குறையாது. சில சுற்றுகளுக்குப் பிறகு இயந்திரம் வலப்பக்கத்தைப் பார்த்தே முடிவெடுக்கத் தொடங்கிவிடும். வலப்பக்கக் கோடுதான் வேறுபாடு என்று நாம் அதற்குச் சொல்லவே இல்லை. இதைத் தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு நீங்களே செய்து பார்க்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது.

ரோசன்பிளாட்டின் உண்மையான வடிவத்தில் நடுவே இன்னோர் அடுக்கு உண்டு. பார்க்கும் கட்டங்களிலிருந்து செல்லும் கம்பிகள் நடு அடுக்கில் எங்கெங்கோ தாறுமாறாக இணைக்கப்பட்டிருக்கும். மூளைக்குள் எல்லாக் கம்பிகளும் திட்டமிட்டு இழுக்கப்பட்டவை அல்ல என்பது அவருடைய நம்பிக்கை. கற்றல் நடப்பது நடு அடுக்குக்கும் விடை சொல்லும் அடுக்குக்கும் இடையில் மட்டும். அதோடு, ஒரு கணித நிரூபணமும் இருந்தது. எல்லாவற்றையும் சரியாகப் பிரிக்கும் மதிப்புகள் எங்காவது இருந்தால், இந்தத் திருத்தும் முறை எல்லைக்குட்பட்ட எண்ணிக்கையிலான திருத்தங்களில் அப்படிப்பட்ட மதிப்புகளைக் கண்டே தீரும். ‘இருந்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பின்னால் வந்த சண்டை முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றித்தான்.

<b>ஒரு பத்திரிகையாளர் கூட்டம்</b>

1958 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை வாஷிங்டனில் செய்தியாளர்களை அழைத்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கடற்படை ஆராய்ச்சி அலுவலகம். வானிலைத் துறைக்குச் சொந்தமான, 20 லட்சம் டாலர் மதிப்புள்ள ஐபிஎம் 704 கணினியில் பெர்செப்ட்ரான் நிரலாக ஓடியது. எடை 5 டன். இடப்பக்கம் குறியிட்ட அட்டைகளையும் வலப்பக்கம் குறியிட்ட அட்டைகளையும் அதற்குள் செலுத்தினார்கள். 50 முயற்சிகளுக்குப் பிறகு எது இடம், எது வலம் என்று கணினி தானாகவே பிரித்துவிட்டது.

செய்த வேலை இவ்வளவுதான். மறுநாள் வந்த செய்தியோ வேறு. நடக்கவும் பேசவும் பார்க்கவும் எழுதவும், தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும், தான் இருப்பதைத் தானே உணரவும் போகிற இயந்திரத்தின் கரு என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எல்லாப் பழியையும் செய்தியாளர்கள் மேல் போட முடியாது. பெரிய எதிர்பார்ப்புகளை அன்று ரோசன்பிளாட்டே சொன்னார். 30ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தன. இளம் வயது, புதிய கண்டுபிடிப்பு, முன்னால் நாடு முழுவதும். அடக்கிப் பேசியிருக்கலாம். இடம் வலம் பிரித்த இயந்திரத்துக்கும் தன்னுணர்வுக்கும் இடையே உள்ள தூரம் அவருக்குத் தெரியாதது அல்ல.

அந்த நாளின் விலையை அவர் வாழ்நாள் முழுவதும் கொடுத்தார். துறையில் இருந்த மற்றவர்களுக்கு, குறிப்பாக அதே ஆராய்ச்சி நிதிக்குப் போட்டியிட்டவர்களுக்கு, இந்த ஆரவாரம் எரிச்சல் ஊட்டியது.

<b>கம்பிக் காடு</b>

1960இல் மார்க் 1 பெர்செப்ட்ரான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. சார்ல்ஸ் வைட்மன் உள்ளிட்ட பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய இது நிரல் அல்ல, நிஜ இயந்திரம். அதன் கண், வரிசைக்கு 20 வீதம் அடுக்கிய 400 ஒளி உணரிகள். நடு அடுக்கில் 512 அலகுகள். விடை சொல்ல 8 அலகுகள். படங்களைப் பார்த்தால் கண்ணில் முதலில் படுவது கம்பிகள்தான். தொலைபேசி நிலையத்தின் பலகைபோல ஒன்றின்மேல் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கும்.

மதிப்புகளை எங்கே சேமித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்று அவை நினைவகத்தில் உள்ள எண்கள். அன்று அவை பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற மின்தடைகள். ஒவ்வொரு திருகையும் திருப்ப ஒரு சிறிய மோட்டார். இயந்திரம் ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னால் மோட்டார்கள் ஓடும், திருகுகள் கொஞ்சம் திரும்பும். அதாவது, அது கற்றுக்கொள்வதை நீங்கள் காதால் கேட்கலாம். எழுத்துகளை அதன் முன் வைத்தார்கள். அடையாளம் காணக் கற்றுக்கொண்டது. சில அலகுகளைத் துண்டித்தாலும் உடனே முடங்கிவிடாமல், கொஞ்சம் தடுமாறியபடியே வேலை செய்தது. மூளையும் அப்படித்தான் என்பதால் ரோசன்பிளாட்டுக்கு இதில் தனி மகிழ்ச்சி.

ஆனால் உண்மையான கையெழுத்து என்று வரும்போது மார்க் 1 எளிதில் திணறக்கூடியது. மேலே பார்த்த ‘ப’வை இரண்டு கட்டம் இடப்பக்கம் தள்ளி எழுதினால் என்ன ஆகும்? வலப்பக்கக் கட்டங்கள் காலி. நாம் செய்த சிறிய இயந்திரம் அதை ‘ட’ என்றே சொல்லும். மனிதர்கள் யாரும் எழுத்தை ஒரே இடத்தில், ஒரே அளவில் எழுதுவதில்லை. இந்தக் குறையையும் இன்னும் பலவற்றையும் ரோசன்பிளாட் அறிந்தே இருந்தார். 1962இல் வெளிவந்த அவருடைய தடித்த நூலில் பெர்செப்ட்ரானின் குறைகளை அவரே பட்டியலிட்டார். ஓர் அடுக்கு போதாது, பல அடுக்குகளுக்குப் பாடம் நடத்த வேண்டும், கடைசி அடுக்கில் தெரியும் பிழையைப் பின்னோக்கி அனுப்பி முந்தைய அடுக்குகளைத் திருத்த வேண்டும் என்றும் எழுதினார். இன்றைய செயற்கை நுண்ணறிவு முழுவதையும் தாங்கி நிற்கும் பின்பரவல் முறையின் பெயர்கூட அந்த நூலில் இருக்கிறது. அதைத் திறம்படச் செய்யும் கணிதம் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. அவருடைய அலகுகள் ஆம், இல்லை என்று மட்டும் பேசின. எவ்வளவு தவறு, எந்தப் பக்கம் தவறு என்று அளக்க அது தோதாக இல்லை.

<b>மாடிப்படி விளக்கு</b>

இப்போது மின்ஸ்கி. 1951இலேயே நரம்பணு வலை இயந்திரம் ஒன்றைக் கட்டிப் பார்த்தவர் அவர். பிறகு அந்தப் பாதையை விட்டு விலகி, விதிகளாலும் குறியீடுகளாலும் சிந்திக்கும் கணினிகளின் பக்கம் போனார். 1960களில் மாநாடுகளில் பழைய பள்ளித்தோழர்கள் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். 1969இல் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் சேர்ந்து பெர்செப்ட்ரான்களைப் பற்றி ஒரு கணித நூல் வெளியிட்டார்கள்.

அதில் உள்ள வாதத்தைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கைப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டில் ஒன்று மட்டும் மேல்நோக்கி இருந்தால் விளக்கு எரியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் மேலே இருந்தால் அணையும், இரண்டும் கீழே இருந்தாலும் அணையும். இதை ஓர் அடுக்கு பெர்செப்ட்ரானுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? முதல் சுவிட்சுக்கு ஒரு மதிப்பு, இரண்டாவதற்கு ஒரு மதிப்பு. தனித்தனியாக ஒவ்வொன்றும் விளக்கை எரியவைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டையும் கூட்டும்போது இன்னும் பெரிதாகும், விளக்கு அணையாது. எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தினாலும் வராது, ஏனென்றால் அப்படிப்பட்ட மதிப்புகளே இல்லை. ‘இருந்தால்’ என்ற சொல் இங்கேதான் கடித்தது.

நூலின் கனமான பகுதி இதைத் தாண்டியது. ஓர் உருவம் முழுவதும் ஒரே துண்டாக இணைந்திருக்கிறதா, இரண்டு துண்டுகளா என்று சொல்வதைப் போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். நடு அடுக்கில் உள்ள ஒவ்வோர் அலகும் படத்தின் சிறு பகுதியை மட்டுமே பார்க்கும் என்றால், படம் பெரிதாகப் பெரிதாக அந்த இயந்திரத்தால் இதற்கு விடை சொல்ல முடியாது என்று நிரூபித்தார்கள். நிரூபணங்கள் சரியானவை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பல அடுக்குகளுக்கு விரித்தாலும் பெரிய பயன் இருக்காது என்று அவர்கள் கருதியதுதான் நிரூபணம் அல்ல, ஊகம். ஆனால் படித்தவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் புத்தகம் ஒன்றே துறையைக் கொன்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. அன்றைய கணினிகளின் வேகம் போதாது, பழக்க வேண்டிய மாதிரிகளும் கணினிக்குள் இல்லை. புத்தகம் வராமலே போயிருந்தாலும் அந்தப் பாதை மெதுவாகத்தான் நகர்ந்திருக்கும். எனினும் நிதி வறண்டது, இளம் ஆய்வாளர்கள் வேறு பக்கம் போனார்கள். பெர்செப்ட்ரான் என்று சொன்னாலே சிரிப்பு எழும் காலம் வந்தது.

<b>எலிகள், நட்சத்திரங்கள்</b>

ரோசன்பிளாட் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம். 1959 முதலே அவர் இத்தாக்கா நகரில் உள்ள கார்னெலின் முதன்மை வளாகத்துக்கு வந்துவிட்டார். அங்கே பேச்சொலியை அடையாளம் காண டோபர்மோரி என்ற இயந்திரத்தைக் கட்டினார். அது எழுத்தாளர் சாகியின் சிறுகதை ஒன்றில் வரும் பேசும் பூனையின் பெயர். மூளை எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி அவர் நடத்திய பாடத்துக்குப் பொறியியல் மாணவர்களும் கலைப்பிரிவு மாணவர்களும் சரிபாதியாக வந்தார்கள்.

1960களின் நடுவில் உயிரியல் பக்கம் திரும்பினார். பயிற்சி பெற்ற எலியின் மூளைச் சாற்றைப் பயிற்சி பெறாத எலிக்குச் செலுத்தினால் கற்றது இடம் மாறுமா? அக்காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்ட கேள்வி இது. ரோசன்பிளாட்டும் முதலில் மாறுவதாகக் கட்டுரை வெளியிட்டார். பிறகு ஆண்டுக்கணக்கில் சோதனைகளை இறுக்கி இறுக்கிச் செய்து, அப்படி ஒரு விளைவு இருந்தாலும் மிகமிகச் சிறியது என்ற முடிவுக்கு வந்தார். 1958இல் அள்ளி வீசிய மனிதர், இப்போது தன் முடிவையே குறுக்கி எழுதினார்.

இத்தாக்காவுக்கு அருகே புரூக்டன்டேல் என்ற சிற்றூரில் அவருக்கு வீடு. வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றின்மேல் வானாய்வுக் கூடம் ஒன்றைக் கட்டினார். வேற்றுலக உயிர்களைத் தேடும் ஆசை. 1971இல் வானியல் ஆய்விதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வந்தது. தொலைதூர நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கோள் கடக்கும்போது நட்சத்திர ஒளி மிகச் சிறிதளவு மங்கும், நிறமும் கொஞ்சம் மாறும், அதை அளந்தால் கோள்களைக் கண்டுபிடிக்கலாம் என்பது கருத்து. சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள்கூடக் கண்டறியப்படாத காலம் அது. 2009இல் விண்ணுக்குச் சென்ற கெப்ளர் தொலைநோக்கி, ஒளி மங்குவதை அளந்தே ஆயிரக்கணக்கான கோள்களைக் கண்டறிந்தது.

வியட்நாம் போர் எதிர்ப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1968இல் போருக்கு எதிராக நின்ற யூஜின் மெக்கார்த்தியின் அதிபர் வேட்பாளர் பிரசாரத்தில் உழைத்தார். கடற்படைப் பணத்தில் புகழ்பெற்றவர், கடற்படையும் ஈடுபட்டிருந்த போரை எதிர்த்துத் தெருவில் நின்றார். இந்த முரண் அவரை எவ்வளவு உறுத்தியது என்று நாம் ஊகிக்கத்தான் முடியும்.

1971 ஜூலை 11. அவருக்கு அன்று 43 வயது நிறைவு. செசபீக் விரிகுடாவில் பாய்மரப் படகில் சென்றபோது விபத்தில் இறந்தார். மின்ஸ்கி, பேப்பர்ட் நூலின் பிந்தைய பதிப்பு அவருடைய நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

<b>பஃபலோவிலிருந்து வந்த உறைகள்</b>

அவருடைய யோசனை செத்துப்போகவில்லை. 1980இல் ஜப்பானில் குனிஹிக்கோ ஃபுக்குஷிமா, எழுத்து சற்று நகர்ந்தாலும் அடையாளம் காணும் பல அடுக்கு வலையை அமைத்தார். 1986இல் டேவிட் ரூமெல்ஹார்ட், ஜெஃப்ரி ஹிண்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் மூவரும் பின்பரவல் முறையைத் தெளிவாக விளக்கினர். ஆம், இல்லை என்ற அலகுகளுக்குப் பதிலாகச் சிறுகச் சிறுக மாறும் அலகுகளை வைத்ததால் கணிதம் கைகூடியது. மாடிப்படி விளக்குச் சிக்கலும் தீர்ந்தது.

அடுத்து வந்ததுதான் கையெழுத்து. அமெரிக்க அஞ்சல் துறை 1963இல் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கொண்டுவந்திருந்தது. தட்டச்சு செய்த முகவரிகளைப் படிக்கும் இயந்திரங்கள் 1960களிலேயே வேலைக்கு வந்துவிட்டன. கையால் எழுதியவை மட்டும் அடங்கவில்லை. ஒருவருடைய 4 இன்னொருவருடைய 9 போல இருக்கும். 1989இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யான் லெக்குன் குழுவினர் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். உண்மையான உறைகளிலிருந்து வெட்டி எடுத்த 9,298 கையெழுத்து எண்கள் அவர்களிடம் இருந்தன. ஒவ்வொன்றையும் 16க்கு 16 கட்டங்களுக்குச் சுருக்கினார்கள். 7,291 எண்களைக் காட்டிப் பாடம் நடத்திவிட்டு, மீதி 2,007 எண்களை வைத்துத் தேர்வு வைத்தார்கள். நூற்றில் ஐந்து அளவுக்குத் தவறு வந்தது.

அஞ்சல் வேலைக்கு அந்த ஐந்து அதிகம். எனவே, உறுதியாகத் தெரியாத எண்ணை ஊகிக்காமல் தள்ளி வைக்கும்படி செய்தார்கள். ஏறத்தாழ 12 விழுக்காட்டை ஒதுக்கியபோது, மீதியில் தவறு நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது. ஒதுக்கியதை மனிதர் படித்துக்கொள்ளலாம். ஆவணங்களைப் படிக்கும் மென்பொருள்களில் இப்போதும் இதே ஏற்பாடு உண்டு. படிக்கத் தெரிவதைப் போலவே, படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரிய வேண்டும். 1990களின் பிற்பகுதியில் லெக்குன் குழுவின் முறை காசோலைகளைப் படிக்கப் போனது, நாளொன்றுக்குப் பல மில்லியன் காசோலைகள்.

மின்பொறியாளர்களின் அனைத்துலகச் சங்கமான ஐஇஇஇ, 2004இல் ரோசன்பிளாட் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. 2014இல் அதைப் பெற்றவர் ஹிண்டன். பத்து ஆண்டுகள் கழித்து அவருக்கு இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. மார்க் 1 இயந்திரம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது, கம்பிகளோடு.

1989ஆம் ஆண்டுக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு தகவல் வரும். அந்த 9,298 எண்களும் எந்த ஊர் அஞ்சல் நிலையத்தைக் கடந்த கடிதங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது அது. ஊரின் பெயர் பஃபலோ. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ரோசன்பிளாட் தன் முதல் அறிக்கையை எழுதிய அதே நகரம். அந்த ஆண்டு உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு வயது 61 ஆகியிருக்கும்.